கையெழுத்துப் போடும் கைக்கும் ஒரு பரீட்சை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதப்பட்டது.)



செயலாளர் என்னை அழைத்தபோது, "பழைய நினைவுகளைப் பேசு, போதும்" என்றுதான் சொன்னார். பழைய நினைவுகள் நிறைய இருக்கின்றன. எங்கள் செட்டில் நாற்பது பேருக்கு நல்ல நிலையில் இருந்தது ஒரே ஒரு ஆசிலாஸ்கோப். அதன் திரையை நான் தெளிவாகப் பார்த்தது பிராக்டிகல் பரீட்சை அன்றைக்குத்தான். அன்றைக்கும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் தலை மறைத்துக்கொண்டிருந்தார். (சிரிப்பு) இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்ளலாம். இந்த மேடையில் நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்த தொழிலைப் பற்றி, அதில் என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன்.

நான் 1991-ல் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து வெளியே போனவன். டி.வி. கம்பெனியில் சேர ஆசைப்பட்டேன். கிடைத்தது ஆஸ்பத்திரி வேலை. பயோமெடிக்கல் டெக்னீஷியன் என்று பெயர். ஈ.சி.ஜி. மெஷின், சக்‌ஷன், மானிட்டர், வென்டிலேட்டர், இன்குபேட்டர், டெஃபிப்ரிலேட்டர், ஆட்டோகிளேவ் என்று ஆஸ்பத்திரியில் பிளக் மாட்டுகிற எது கெட்டாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். சில இடங்களில் ஃபேன் ஓடாவிட்டாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

சேர்ந்த மூன்றாவது வாரம். இரவு பன்னிரண்டரை மணி. பிரசவ வார்டிலிருந்து போன். சக்‌ஷன் மெஷின் இழுக்கவில்லை. டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மோட்டார் ஓடுகிறது, ஆனால் வாக்குவம் மீட்டர் முள் அசையவில்லை. சரி, பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டி, அங்கேயே தரையில் உட்கார்ந்து கழற்ற ஆரம்பித்தேன். வேன், ஸ்பிரிங், ஸ்குரூ எல்லாம் செய்தித்தாள் மேல். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். உள்ளே சிஸ்டர் காலால் மிதிக்கிற சக்‌ஷனை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். பம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. திரும்ப மாட்டினேன். அப்போதும் இழுக்கவில்லை.

அந்த வார்டில் இருபது வருஷமாக வேலை பார்த்த ஆயாம்மா ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, அந்த பாட்டில் மூடிய ஒரு தடவ நல்லா அழுத்திப் பாரேன். போன மாசமும் இப்படித்தான் ஆச்சு" என்றார். அழுத்தினேன். முள் சரசரவென்று ஏறியது. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் வெடித்து, காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான் கோளாறு.

ஆயாம்மாவுக்கு ஓம்ஸ் விதி தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த மெஷினைத் தெரிந்தவர் அவர்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அந்தத் தரையில் உட்கார்ந்துதான் நான் படித்தேன்.

இதை நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்வோம். சிரிக்க முடியாத இன்னொன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

1994-ல் நடந்தது. அப்போது நான் ஓரளவு தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். ஒவ்வொரு மாதமும் வார்டு வார்டாகப் போய் மெஷின்களைச் சோதித்து, "பரிசோதிக்கப்பட்டது" என்ற ஸ்டிக்கரில் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு ஒட்ட வேண்டும். ஒரு ஆண்கள் வார்டில் நோயாளி ஒருவருக்கு திடீரென்று இதயத் துடிப்பு தாறுமாறானது. டெஃபிப்ரிலேட்டரை, அதாவது நெஞ்சில் மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியை, தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இல்லை. பேட்டரியில் போட்டார்கள். சார்ஜ் ஏறவே இல்லை. மாடியிலிருந்த ஐ.சி.யூ. மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அந்த மனிதர் பிழைத்தார். அந்த இடைப்பட்ட நிமிடங்களில் அவர் மனைவி வராந்தாவில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆறு நாளுக்கு முன்னால்தான் அந்த மெஷினில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கையெழுத்து என்னுடையது.

மறுநாள் எங்கள் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். "பேட்டரில வச்சுப் பாத்தியா?"

"இல்ல சார். மெயின்ஸ்ல வச்சு சார்ஜ் பண்ணேன், உள்ளயே டிஸ்சார்ஜ் பண்ணேன். சரியா இருந்துச்சு."

"பேட்டரில பாக்கணும்னு தோணலியா?"

"யாரும் சொல்லித் தரல சார்."

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் ஐந்து வரி எழுதிக் கொடுத்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சோதி. முழு சார்ஜுக்கு எத்தனை வினாடி என்று வாட்சைப் பார். பேடில் கீறல், காய்ந்த ஜெல் இருக்கிறதா பார். கேபிளை வளைத்துப் பார். கடைசி வரி: சந்தேகம் இருந்தால் கையெழுத்துப் போடாதே.

பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. நான் மெஷினைப் பரிசோதித்தேன். என்னை யார் பரிசோதித்தார்கள்? இந்த மெஷினைப் பரிசோதிக்க எனக்குத் தெரியும் என்று எவரும் எப்போதும் பார்த்து உறுதி செய்ததில்லை. டிப்ளமோ இருந்தது, வேலை கொடுத்தார்கள், ஸ்டிக்கர் கட்டைக் கையில் கொடுத்தார்கள். இன்றைக்கும் பல இடங்களில் இதே கதைதான்.

எதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

தம்பி தங்கைகளே, இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ள வேண்டியது கடல் போல இருக்கிறது என்று பயமுறுத்துவார்கள். அது முழு உண்மை இல்லை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் மால்கின் என்ற பேராசிரியரும் அவருடைய சகாவும் ஒரு நல்ல வேலை செய்தார்கள். வசதி குறைந்த 11 நாடுகளில் 60 மருத்துவமனைகளிலிருந்து வந்த 2,849 பழுதுக் கோரிக்கைகளை எடுத்து, ஒவ்வொன்றும் எப்படிச் சரி செய்யப்பட்டது என்று பிரித்துப் பார்த்தார்கள். 2010-ல் அது வெளிவந்தது. வேலை செய்யாமல் கிடந்த கருவிகளில் 72 சதவீதத்தை, வெளிநாட்டிலிருந்து ஸ்பேர் வரவழைக்காமலேயே ஓட வைக்க முடிந்திருக்கிறது. அதைவிட முக்கியம், வெறும் 107 திறமைகள் தெரிந்த ஒருவரால் 66 சதவீதப் பழுதுகளைத் தீர்த்துவிட முடியும் என்று தெரிந்தது.

அந்த 107-ம் என்னென்ன? ஆறு தலைப்புகள். மின்சாரம், மெக்கானிக்கல், பவர் சப்ளை, குழாய் வேலை, மோட்டார், அப்புறம் கருவியை நிறுவுவதும் பயன்படுத்துகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும். ஃப்யூஸ் மாற்றுவது, அறுந்த ஒயரைச் சால்டர் வைப்பது, பேட்டரி சோதிப்பது, கசிவைக் கண்டுபிடிப்பது, அடைப்பை எடுப்பது, ஃபில்டர் கழுவுவது. என்னுடைய பாட்டில் மூடி வாஷர் குழாய் வேலையில் வந்துவிடும்! ஆனால் எங்கள் மூன்று வருஷப் படிப்பில் குழாய் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை.

நான் தியரி வேண்டாம் என்று சொல்லவில்லை. இதயத்துக்குள் கதீட்டர் போட்டிருக்கும் நோயாளியோடு இணைந்த கருவியில், நோயாளி வழியாகப் போகும் கசிவு மின்னோட்டம் சாதாரண நிலையில் 10 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது என்று ஐ.இ.சி. 60601-1 தரம் சொல்கிறது. ஒரு மில்லி ஆம்பியரில் நூறில் ஒரு பங்கு. நம் விரலில் தொட்டால் உணரவே முடியாது. அத்தனை சிறிய அளவு ஏன் என்று கேட்டால், தோல் கொடுக்கும் தடை அங்கே இல்லை, மின்சாரம் நேராக இதயத் தசைக்குப் போகிறது. இது புரியாதவன், "எர்த் பின் இல்லாவிட்டாலும் மெஷின் ஓடுதே" என்று பின்னை வெட்டிவிட்டுப் போய்விடுவான். வெட்டப்பட்ட பின்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தியரி வேண்டும். கைக்கு வந்து சேர்கிற தியரியாக இருக்க வேண்டும்.

நம் நாட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் அரசு மருத்துவமனைக் கருவிகளைக் கணக்கெடுத்தார்கள். 29 மாநிலங்களில் 29,115 நிலையங்களில் 7,56,750 கருவிகள். மதிப்பு சுமார் 4,564 கோடி ரூபாய். அவற்றில் மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை இயங்காமல் கிடந்தன. அதன் பிறகு 2015-ல் பராமரிப்புத் திட்டம் ஒன்று வந்தது. மாவட்ட மருத்துவமனையில் கருவிகள் 95 சதவீத நேரமும், சமூக சுகாதார நிலையத்தில் 90, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 சதவீத நேரமும் இயங்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். நல்ல காரியம். மூலையில் தூசி படிந்து கிடந்த மெஷின்கள் வெளியே வர இது ஒரு வழி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த இலக்கு மெஷின் ஓடுகிறதா என்று அளக்கிறது. சரியாக ஓடுகிறதா என்று அது சொல்லாது. மணிக்கு 10 மில்லி மருந்து செலுத்த வேண்டிய இன்ஃப்யூஷன் பம்ப் 13 மில்லி செலுத்திக்கொண்டிருந்தாலும் கணக்கில் அது ஓடுகிற மெஷின்தான். 200 ஜூல் வைத்தால் 170-லிருந்து 230-க்குள் கொடுக்க வேண்டிய டெஃபிப்ரிலேட்டர் 120 கொடுத்தாலும் பச்சை விளக்கு எரியும். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவர் டெக்னீஷியன் ஒருவர்தான். அவருடைய திறமையை அளக்காமல் மெஷினின் நேரத்தை மட்டும் அளந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம்.

எட்டு போடத் தெரியுமா?

சரி, திறமையை எப்படி அளப்பது? இப்போது நடப்பது என்ன? கருவி வாங்கும்போது கம்பெனியிலிருந்து ஒருவர் வருவார். ஏ.சி. அறையில் இரண்டு மணி நேரம் படம் காட்டுவார். சமோசா, டீ. கையெழுத்துப் போட்டவர்களுக்கெல்லாம் சான்றிதழ். நான்கூட ஒரு வென்டிலேட்டருக்கு அப்படி வாங்கினேன். கடைசி அரை மணி நேரம் தூங்கிவிட்டேன். சான்றிதழில் அது எழுதப்படவில்லை. (சிரிப்பு) வந்து உட்கார்ந்தார் என்பதற்கான சான்றிதழை, தெரியும் என்பதற்கான சான்றிதழாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

மருத்துவக் கல்வியில் ஜார்ஜ் மில்லர் என்பவர் 1990-ல் நான்கு படிகளைச் சொன்னார். நம் ஊர் டூவீலர் லைசென்ஸை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். முதல் படி, தெரியும். எல்.எல்.ஆர். வாங்கும்போது சிக்னல் படத்தைக் காட்டிக் கேட்பார்களே, அது. இரண்டாம் படி, எப்படிச் செய்வது என்று தெரியும். கிளட்சை எப்போது விட வேண்டும் என்று வாயால் சொல்வது. மூன்றாம் படி, செய்து காட்டுவது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டு போடுவது. நான்காம் படி, நிஜத்தில் செய்வது. மழை நாளில், பஸ் ஸ்டாண்டு முன்னால், பின்னால் மனைவி குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டுவது.

எல்.எல்.ஆர். கேள்விக்குப் பதில் சொன்னதும் லாரியைக் கொடுத்து அனுப்புவோமா? நம் துறையில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் 1970-களிலிருந்து இந்தத் தொழிலுக்கென்று சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது. சி.பி.இ.டி. என்பார்கள். உடற்கூறு, பாதுகாப்பு, எலக்ட்ரானிக்ஸ், கருவிகள், பழுது கண்டுபிடித்தல் என்று எல்லாவற்றிலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். ஒரு முறை பாஸ் செய்துவிட்டு வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருக்க முடியாது, தொடர்ந்து கற்கிறோம் என்று காட்டிப் புதுப்பிக்க வேண்டும். மரியாதைக்குரிய தேர்வு. நம் பிள்ளைகள் எழுதினால் நல்லது. ஆனால் அது அறிவைச் சோதிக்கும். ஸ்குரூடிரைவர் பிடிக்கும் கையைச் சோதிக்காது.

கையைச் சோதிக்க டாக்டர்களிடமிருந்தே ஒரு முறையைக் கடன் வாங்கலாம். 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்பவர் அறிமுகப்படுத்தியது. ஓஸ்கி என்று சொல்வார்கள். ஹாலைச் சுற்றி வரிசையாக மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. மணி அடித்ததும் அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே மதிப்பெண் பட்டியல். எக்ஸாமினருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்பது குறைகிறது. இன்று மருத்துவக் கல்லூரிகளில் இது பழகிப்போன விஷயம். நமக்கும் பொருந்தும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதைச் சிறிய அளவில் செய்து பார்த்தோம். ஆறு மேஜை, தலைக்குப் பதினைந்து நிமிடம். ஒன்றில் ஈ.சி.ஜி. மெஷின். தாளில் கோடு நடுங்குகிறது. 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். காரணம் காய்ந்த எலெக்ட்ரோடா, ஒடிந்த லீடா, எர்த்தா என்று வரிசையாகத் தேட வேண்டும். இரண்டாவதில் என் பழைய நண்பன் சக்‌ஷன் மெஷின், வெடித்த வாஷரோடு. மூன்றாவதில் கசிவு மின்னோட்டம் அளந்து, அளவு சரியா தப்பா என்று எழுத வேண்டும். நான்காவதில் டெஃபிப்ரிலேட்டர், பேட்டரி செத்தது. ஐந்தாவதில் இன்ஃப்யூஷன் பம்ப். அளவு ஜாடியும் வாட்சும் வைத்து ஓட்டம் சரியா என்று பார்க்க வேண்டும். ஆறாவதில் மெஷினே கிடையாது. ஒரு சிஸ்டர் உட்கார்ந்திருப்பார். "இந்த மானிட்டர் அலாரம் கத்திக்கிட்டே இருக்கு, நாங்க ஆஃப் பண்ணிட்டோம்" என்பார். அவருக்குப் புரிகிற மாதிரி, அவர் மனம் புண்படாத மாதிரி எடுத்துச் சொல்ல வேண்டும்.

மதிப்பெண் பட்டியலில் பழுதைக் கண்டுபிடித்ததற்குப் பாதிதான். மீதி எதற்குத் தெரியுமா? திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கினாரா? கிருமி நீக்கம் ஆனதா என்று கேட்டுவிட்டுத் தொட்டாரா? கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்தாரா? சரி செய்த பிறகு முழுச் சோதனை செய்தாரா? என்ன செய்தார் என்று பதிவேட்டில் எழுதினாரா? டெஃபிப்ரிலேட்டரைத் திறந்து கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யாமல் கை வைத்தால் அந்த மேஜை அங்கேயே ஃபெயில். வேறு எதில் நூறு வாங்கினாலும் சரி.

"இந்த மாடல் எனக்குப் பழக்கமில்லை, மூத்தவரைக் கேட்காமல் திறக்க மாட்டேன்" என்று சொன்னால் அதற்கும் மதிப்பெண் வைத்தோம். நம் கல்லூரிகளில் தெரியாது என்று சொன்னால் பூஜ்யம். ஆஸ்பத்திரியில் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் ஒரு திறமை. 1994-ல் எனக்கு அது இல்லை.

அண்ணனும் கோல்ட் மெடலிஸ்டும்

முடிவு எப்படி வந்தது? இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

ஒருவர் எங்களுக்கெல்லாம் அண்ணன். பத்தாம் வகுப்போடு நின்றவர். ஹெல்பராகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். பரீட்சை என்றதும் முகம் சுருங்கிப்போனது. "இத்தன வருஷம் வேலை பாத்துட்டேன். இப்ப வந்து என்ன டெஸ்ட் பண்றீங்களா? வேலையவிட்டு அனுப்பறதா இருந்தா நேரா சொல்லிடுங்க தம்பி" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "அண்ணே, இது ஆள எடுக்கிற டெஸ்ட் இல்ல. யாருக்கு என்ன சொல்லித் தரணும்னு பாக்கத்தான். நானும்தான் எழுதறேன்" என்றேன். ஆறு மேஜையில் ஐந்தில் அவர்தான் முதல். சக்‌ஷனை இரண்டு நிமிடத்தில் முடித்தார். மூன்றாவது மேஜையில் மட்டும் தவறினார். அளந்தது சரி. மேனுவலில் ஆங்கிலத்தில் இருந்த வரம்பைப் படிக்க முடியவில்லை. அது அவர் குறையா, நம் குறையா? இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தோம். அடுத்த தடவை அதிலும் அவர்தான் முதல்.

இன்னொருவர் கோல்ட் மெடல் வாங்கிய பையன். கேள்வி கேட்டால் மணி மணியாகப் பதில் சொல்வான். ஈ.சி.ஜி. மேஜையில் பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் திறந்தான். அன்றைக்கு அவனுக்கு அவமானம். இரண்டு மாதம் அண்ணனோடு சேர்த்துவிட்டோம். கைக்கு அண்ணன், மேனுவலுக்கு அந்தப் பையன். இரண்டு பேரும் உருப்பட்டார்கள்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். பரீட்சை என்றால் ஆளை வெளியே தள்ளுவதற்கு என்று பயம் வந்துவிட்டால், எல்லோரும் ஒளிக்க ஆரம்பித்துவிடுவார்கள். யாருக்கு எது தெரியாது என்பது வெளியே வராது. அது நோயாளிக்குத்தான் ஆபத்து. அதனால் எங்கள் அறைச் சுவரில் ஒரு அட்டவணை மாட்டினோம். இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேலே கருவிகளின் பெயர். கட்டத்தில் பச்சை என்றால் தனியாகச் செய்து கையெழுத்துப் போடலாம். மஞ்சள் என்றால் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். காலியாக இருந்தால் தொடக் கூடாது. ஒருவர் மூன்று முறை பார்க்க வைத்துச் சரியாகச் செய்தால் பச்சை. ஒரு வருடம் அந்தக் கருவியைத் தொடாவிட்டால் மறுபடி மஞ்சள். என் பெயருக்கு நேரேயும் மஞ்சள் இருந்தது. புதிய வென்டிலேட்டருக்கு. நான் தூங்கினேனே, அந்த வகைதான்.

"இதற்கெல்லாம் நேரம் ஏது, ஆள் ஏது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குறைந்த சம்பளத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கும் பிள்ளைகள், ஒரே ஆள் பல ஆஸ்பத்திரிகளைச் சுற்றும் நிலை, எல்லாம் எனக்குத் தெரியும். அவர்கள் தலையில் பரீட்சையை மட்டும் ஏற்றிவிட்டு, பயிற்சிக்கு நேரமும் பாஸ் செய்தவருக்குச் சம்பள உயர்வும் கொடுக்காவிட்டால் அது அநியாயம். இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

முடியுமா என்றால், முடியும். 2021-ல் கொரோனா இரண்டாவது அலையில் பார்த்தோம். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. பல ஊர்களில் அதற்கு முன் யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண், அப்போதுதான் படிப்பை முடித்தவள், வீடியோ காலில் கூப்பிட்டாள். "சார், ஆக்சிஜன் குறையுதுன்னு லைட் எரியுது. இங்க வேற மெஷின் இல்ல சார்" என்றாள். இந்தக் கருவி காற்றை இழுத்து, சியோலைட் நிரப்பிய குழாய்களில் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை அனுப்புகிறது. காற்று உள்ளே போகும் ஃபில்டர் அடைத்தால் எல்லாம் கெடும். "பின்னாடி ஃபில்டரக் கழட்டிக் காட்டும்மா" என்றேன். சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி இருந்தது. சுத்தமான மாற்று ஃபில்டரைப் போட்டு, பிளோவை 5 லிட்டரில் வைத்து, பத்து நிமிடம் பொறுத்து அனலைசரில் பார்த்தாள். 92 சதவீதம். "இப்ப நான் சொல்லாம நீயே அடுத்த மெஷினப் பண்ணு, நான் பாக்கறேன்" என்றேன். பண்ணினாள். அன்று மாலைக்குள் பதினொரு மெஷின்களை முடித்துவிட்டாள். ஒரு வேலையைச் சொல்லிக் கொடுத்து, செய்ய வைத்துப் பார்த்து, தனியே விடுவது. நான் சொல்கிற முறை முழுவதும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

நன்கொடை வசூலித்து ஒரு வளைவு கட்டலாம் என்று சங்கத்தில் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். வளைவு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அதற்கு முன்னால் நான்கு காரியங்கள் செய்யலாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, பழுதுக்கூடம். ஆஸ்பத்திரிகளில் கழித்துக் கட்டிய கருவிகளை முறைப்படி கேட்டு வாங்கி, கிருமி நீக்கம் செய்து, நம் ஆய்வகத்தில் வைப்போம். புத்தம் புது டிரெய்னர் கிட்டில் எல்லாமே சரியாக வேலை செய்யும். அதில் பழுது பார்க்க என்ன கற்றுக்கொள்வது? கெட்டுப்போன மெஷின்தான் நல்ல வாத்தியார்.

இரண்டாவது, ஆண்டுக்கொரு திறன் நாள். இந்தச் சந்திப்புக்கு முந்தைய நாளே வைத்துக்கொள்வோம். ஆறு மேஜை போடுவோம். ஆஸ்பத்திரிகளிலும் கம்பெனிகளிலும் இருக்கும் நாம் எக்ஸாமினராக உட்காருவோம். பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணோடு, எங்கே தவறினார்கள் என்று அன்றைக்கே உட்கார்ந்து சொல்வோம்.

மூன்றாவது, பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு வேலைக் குறிப்பேடு. அதில் வருகைப் பதிவு வேண்டாம். என்ன செய்தான், எத்தனை முறை செய்தான், யார் பார்த்தார் என்று இருக்கட்டும்.

நான்காவது, தமிழில் ஒரு கைப்புத்தகம். ஒரு கருவிக்கு இரண்டு பக்கம் போதும். என்ன சோதிப்பது, வரம்பு என்ன, எப்போது தொடக் கூடாது. அண்ணனைப் போன்றவர்கள் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இருக்கிறார்கள். முதல் பத்துக் கருவிகளுக்கு எழுதித் தருவது என் பொறுப்பு. அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுவேன்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டரின் பெயர் போர்டில் இருக்கும். சிஸ்டரை நோயாளி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். உங்களை அநேகமாக யாருக்கும் தெரியாது. மெஷினின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கரில் உங்கள் கையெழுத்து மட்டும் இருக்கும். அதைப் படித்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருக்காது. நம்பிப் பயன்படுத்துவார்கள்.

முதல் திறன் நாளுக்கு இன்றே பெயர் கொடுக்கிறேன். எக்ஸாமினராக இல்லை, பரீட்சை எழுதுகிறவனாக. மாணவர்களே மேஜை போடுங்கள், உங்கள் சாமர்த்தியத்தைக் காட்டிப் பழுது வையுங்கள். நான் ஃபெயிலானால் அடுத்த மலரில் அதையும் அச்சடியுங்கள். (கைதட்டல்)